பல்லவியில் வைத்த பெயர்

எனக்கு முதலில் மெட்டுதான் வரும். சொல் அதற்குப் பிறகு, மனசிருந்தால் வரும். மெட்டு கைவிட்டுப் போகாமல் இருக்க, வாயில் வந்த எதையாவது போட்டுப் பாடி போனில் பதிந்து வைப்பேன். பஸ் நிறுத்தங்களின் பெயர், மாத்திரைகளின் பெயர், யாரோ யாரையோ திட்டியது எல்லாம் அதில் கிடக்கும். தொழிலில் இதை டம்மி வரி என்பார்கள். கான்கிரீட் இறுகியதும் பலகையைக் கழற்றுவது மாதிரி, பாட்டு நின்றதும் அதைக் கழற்றிவிட வேண்டும். நான் ஒரே ஒரு முறை கழற்றாமல் விட்டேன். அந்தப் பாட்டை வைத்துத்தான் பலருக்கும் என்னைத் தெரியும்.

அப்போது நாகர்கோவிலில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தேன். வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்கும் சர்க்கரை நோயாளிகளின் கோபத்தைக் காலை ஒன்பது மணிவரை வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். பிறகு குழாய்களை அடுக்கி, ரத்தத்தைப் பிரிக்கும் மெஷினைச் சுழலவிட்டால், அது பத்து நிமிஷம் 'ம்' என்று ஒரே சுருதியில் நிற்கும். எனக்குக் கிடைத்த தம்பூரா அதுதான். அதைப் பிடித்துக்கொண்டு முனகுவேன். என் ஆரம்பகாலப் பாட்டுகள் எல்லாம் ஏன் ஒரே சுருதியில் இருக்கின்றன என்று பின்னாளில் ஒருவர் பெரிய காரணம் கண்டுபிடித்து எழுதினார். மண்ணின் அடிநாதமாம். மெஷினின் அடிநாதம் என்று சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்.

அந்தப் பாட்டு கல்யாணப் பந்தியைப் பற்றியது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குத் தெரியும். சாப்பிடுகிறவன் மோருக்குக் கை நீட்டும் முன்பே அடுத்த பந்திக்காரன் அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பான். எரிசேரி நன்றாக இருந்ததா என்று மேலிருந்தே விசாரிப்பான். இந்தக் கூத்தைத்தான் கிண்டலாகக் கட்டினேன். பல்லவியில் ஒரு ஆள் மண்டபத்துக்குள் வர வேண்டும், அவர் வந்ததும் 'இன்னார் வந்தாச்சி, எலையப் போடு' என்று எல்லோரும் பாட வேண்டும். அந்த இன்னாருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. வாயில் வந்தது ஒரு வீட்டின் வட்டப்பெயர்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு வட்டப்பெயர் உண்டு. ஒரே பெயரில் எட்டு ஆள் இருக்கிற ஊரில் அது இல்லாமல் முடியாது. ஆனால் அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் சொல்லலாம், முகத்துக்கு முன்னால் சொல்லக் கூடாது. எங்கள் வீட்டுக்கும் ஒன்று இருக்கும். என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது, யாரும் சொல்லவும் மாட்டார்கள். அந்த அளவுக்கு மரியாதை தெரிந்த ஊர்தான். நான் எடுத்த பெயர் ஒரு பலகாரத்தின் பெயர். மூன்றே எழுத்து, முதல் எழுத்தில் கொட்டு விழும். பந்திப் பாட்டுக்குப் பலகாரப் பெயர் பொருத்தம்தானே என்று நினைத்தேன். அதை இங்கே எழுத மாட்டேன். எழுதியதும் பாடியதும் போதும்.

அது என் சிநேகிதியின் வீட்டுப் பெயர். அடுத்த தெருவில்தான் வீடு. ஒன்றாம் வகுப்பிலிருந்து கல்லூரிவரை ஒரே பஸ், ஒரே ஜன்னல், ஒரே சோற்றுப் பாத்திரம். கல்லூரி நாளிலேயே அவள் என்னிடம் வாக்கு வாங்கி வைத்திருந்தாள்: அவள் கல்யாணத்தில் நான்தான் தோழியாகப் பக்கத்தில் நிற்க வேண்டும், சாயங்காலம் நான்தான் பாட வேண்டும். பாட்டை முதலில் அவளுக்குத்தான் போட்டுக் காட்டினேன். சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"ஏட்டி, எங்க வீட்டையா போட்டிருக்க?"

"டம்மிதான். மாத்திருகேன்."

"மாத்திரு. அப்பா கேட்டா சங்கடப்படுவாவ."

மாற்றத்தான் நினைத்தேன். முப்பது பெயராவது போட்டுப் பார்த்திருப்பேன். ஒன்றும் உட்காரவில்லை. குழித்துறையில் ஒரு கடை மாடியில், பாலத்தில் போகும் லாரிச் சத்தம் கேட்காமல் இருக்க ஜன்னலுக்கு மெத்தையை முட்டுக்கொடுத்து, ஒரு நண்பர் பாட்டுப் பதிந்து கொடுப்பார். அன்றைக்கு நாலு பாட்டு முடிக்க வேண்டும். மற்ற மூன்றும் அழகான, சோகமான, யாரும் கேட்காத பாட்டுகள். இதைக் கடைசியில் ஒரே மூச்சில் பாடினோம். பழைய பெயரோடுதான். யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். அந்தச் சொல் அங்கே அழகாக விழுந்தது. அதை விட்டுவிட எனக்கு மனசில்லை. அதுதான் உண்மை.

பிறகு நடந்தது எல்லோரும் அறிந்த விஷயம். யாரோ ஒரு கல்யாண வீடியோக்காரர் பந்திக் காட்சிக்கு அந்தப் பல்லவியைப் போட்டார். அங்கிருந்து அது ரீல்ஸுக்குப் போயிற்று. கொச்சியில், சென்னையில், பெங்களூரில் கூப்பிட்டார்கள். கிதார், தப்பு, நான் என்று மூன்று பேராகக் கிளம்பினோம். வேலையை விட்டேன். மேடையில் என்னை 'மண்ணின் குரல்' என்று அறிமுகம் செய்வார்கள். நான் கேபிள் டிவி பார்த்து வளர்ந்தவள், வயலில் காலே வைத்ததில்லை. பேசத் தொடங்கினால் மலையாளியா என்று கேட்பார்கள். ஆனாலும் கைதட்டு கைதட்டுதான், பிடித்திருந்தது. கூட்டம் முழுக்க அந்த மூன்றெழுத்தைக் கத்தும்போது உடம்பு சிலிர்க்கும். சிநேகிதி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

அவள் அப்பாவை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொஞ்சம் வயலும் உண்டு. ஊரில் எந்தக் கல்யாணம் என்றாலும் பந்தி விசாரிப்பு அவர்தான். யாரும் நியமித்ததில்லை. தோளில் கிடக்கும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இலை இலையாகப் போவார். என்ன வேணும், பப்படம் வந்ததா, பிள்ளைக்கு இன்னும் ஒரு பழம் வை என்று கேட்டுக்கொண்டே நடப்பார். எல்லோரும் சாப்பிட்டு முடித்து, பாத்திரம் தேய்க்க வந்த பெண்களும் உட்கார்ந்த பிறகு, கடைசிப் பந்தியில்தான் அவருக்கு இலை.

அந்த வருஷம் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். நான் ஊரில் இருந்தேன். மூன்று பேர் வந்து என்னோடு படம் எடுத்துக்கொண்டார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் திரிந்தேன், மறைப்பானேன். கடைசிப் பந்திக்கு மாமா உட்கார்ந்தார். எதிர் வரிசையில் நானும் அம்மாவும் இருந்தோம். சோறு விழுந்து பருப்பும் நெய்யும் ஊற்றியாயிற்று. அந்த நேரம் பார்த்து மண்டபத்து ஸ்பீக்கரில் என் பாட்டைப் போட்டார்கள். பல்லவி வந்ததும் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் நாலு பேர் கையைத் தட்டிக்கொண்டு மாமாவின் முன்னால் வந்து நின்றார்கள். அவரைப் பார்த்தே பாடினார்கள். வீடியோக்காரர் விளக்கை அவர் முகத்துக்குத் திருப்பினார். எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். வயதானவர்கள் மட்டும் சிரிக்காமல் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது அப்போது புரியவில்லை.

மாமா பிசைந்த சோற்றை அப்படியே வைத்தார். இலையை மடித்தார். எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல், கை கழுவும் இடத்தையும் தாண்டி வாசலுக்குப் போய்விட்டார். எச்சில் கையோடு தெருவில் நடந்து போனவரை எங்கள் ஊரில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். அவள் சேலை மாற்றிக்கொண்டே சொன்னாள். மாமாவின் அம்மா, மாமா சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில், பெரிய வீட்டுக் கல்யாணங்களுக்கு அரைக்கவும் கழுவவும் போனவள். வீட்டில் சோற்றுக்கு வழியில்லை. ஒரு கல்யாணத்தில், பிள்ளைகளுக்கு என்று அந்தப் பலகாரத்தில் கொஞ்சம் எடுத்து மடியில் கட்டிக்கொண்டு புறப்பட்டிருக்கிறாள். பந்திக்கு நடுவே நடக்கும்போது முடிச்சு அவிழ்ந்து எல்லாம் உதிர்ந்துவிட்டது. ஊரே சாப்பிட்டுக்கொண்டிருந்தது. யாரோ ஒருவன் அந்தப் பலகாரத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அன்றிலிருந்து அது அந்த வீட்டின் பெயர்.

"ஒனக்குத் தெரியாதா? தெரிஞ்சிதான் பந்தியில வச்சுப் பாடியிருக்கேன்னுல்லா நெனச்சேன். ஊரே அப்பிடித்தான் நெனச்சிருக்கு."

"எனக்கு எப்பிடிம்மா தெரியும்? ஒனக்குத் தெரிஞ்சிருந்தும் ஏன் அன்னைக்கே சொல்லல்ல?"

அம்மா கொசுவத்தைச் செருகினாள். "ஒனக்கு அப்பத்தான் பேரு வர ஆரம்பிச்சுது மக்ளே" என்றாள். பிறகு, "அந்த மனுசன் ஒவ்வொரு எலையா போயி என்ன வேணும்னு ஏன் கேக்காருன்னு நீ நெனச்சே?" என்றும் கேட்டாள்.

எனக்கு அம்மா மேல் கோபம் வந்தது. அப்படி ஒரு கோபம் அதற்கு முன் வந்ததில்லை. அது அம்மா மேல் வந்த கோபம் இல்லை என்பது புரிய ஒரு ராத்திரி ஆயிற்று. சிநேகிதி மாற்றச் சொல்லியிருந்தாள். சங்கடப்படுவார் என்று தெளிவாகச் சொன்னாள். கொஞ்சம்தானே சங்கடம், பாட்டுக்காகப் பொறுத்துக்கொள்ளட்டுமே என்று அவர் சார்பில் நானே முடிவு பண்ணியிருந்தேன். அடுத்தவர் சங்கடத்தை நாம் பொறுத்துக்கொள்வது எவ்வளவு சுலபம்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். சிநேகிதிதான் கதவைத் திறந்தாள்.

"அப்பா ஒறங்குகாவ" என்றாள்.

பகலில் உறங்கும் மனுஷன் இல்லை அவர். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் எனக்குக் கேட்டது, அவளுக்கும் கேட்டது. அவளுக்கும் அந்தக் கதை முந்தைய நாள்தான் தெரிய வந்திருந்தது. வாசலில் நின்றபடி இரண்டு பேரும் அழுதோம். "நீ வேணும்னு செய்யல்ல, எனக்குத் தெரியாதா" என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அதன்பிறகு பெயரை மாற்றிப் பாடினேன். கற்பனையாக ஒரு பெயர், யார் வீட்டுக்கும் பொருந்தாதது. புதிதாகப் பதிந்து வெளியிட்டோம். பழையதை எங்கள் பக்கத்திலிருந்து எடுத்தோம். எடுத்து என்ன, அது ஊரெல்லாம் பரவிக் கிடந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா. பெங்களூரில் ஒரு திறந்தவெளி மேடை. நான் புதுப் பெயரைப் பாடினேன். கூட்டம் பழைய பெயரைப் பாடியது. மறுபடியும் பாடினேன். இன்னும் சத்தமாகத் திருத்தினார்கள். எனக்குத்தான் வரி மறந்துவிட்டது என்று நினைத்து, முன்வரிசையில் ஒரு பெண் பாவம் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். நான் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டேன். நான் விட்ட இடத்தில் அந்த மூன்றெழுத்து என் தொண்டையில்லாமலே முழங்கியது. அவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. மேடையிலிருந்து இறங்கி வந்தேன். இனி அந்தப் பாட்டே கிடையாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அதன்பின் கூப்பிடுவதும் குறைந்தது. அந்தப் பாட்டு இல்லாமல் நான் எதற்கு?

மாமா கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தியிருந்தார். போக வேண்டிய கட்டாயம் வந்தால் தாலி கட்டும் நேரத்துக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு, சாப்பிடாமல் திரும்பினார். ஊரில் பந்தி விசாரிக்க ஆள் இல்லை என்று பேசிக்கொண்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து சிநேகிதிக்குக் கல்யாணம் முடிவாயிற்று. நாங்கள் பேச்சை விடவில்லை. சேலை எடுக்கப் போனபோதுகூட என்னைக் கூட்டிக்கொண்டுதான் போனாள். மேடையில் தோழி நிற்கும் இடத்தைக் காட்டி, நீ இந்தப் பக்கமா நில்லு, என் தலைமுடி நல்லா தெரியணும் என்று உத்தரவு போட்டாள். வேற பாட்டு பாடு, ஒன் சோகப் பாட்டுல ஒண்ணு, ஆளுக அழட்டும் என்று சிரித்தாள். அந்தக் கல்யாணத்துக்காக எதையும் விட்டுக்கொடுக்க நான் தயாராக இருந்தேன்.

மாமாவும் அத்தையும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைக்க எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். குடும்பத்தோடு வரணும் என்று முறையாக அழைத்தார்கள். அத்தை அம்மாவோடு உள்ளே பேச்சில் இருந்தாள். மாமா வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். பந்தியிலிருந்து எழுந்து போன நாளுக்குப் பிறகு அவர் என்னோடு பேசியது அப்போதுதான்.

"மக்ளே, ஒண்ணு சொன்னா வருத்தப்படக் கூடாது."

"சொல்லுங்க மாமா."

"நீ நல்ல பிள்ளதான். ஆனா ஒன்னப் பாத்தா ஆளுகளுக்கு அந்தப் பாட்டு ஓர்மை வரும். நீ பாடாண்டாம், சும்மா வந்து நின்னாலே போதும், ஓர்மை வந்திரும். பொறவு எல்லாரும் என்னத் திரும்பிப் பாக்கும். எம் மொவ கல்யாணம். அந்த ஒரு நாளு நான் பந்தியில எறங்கி விசாரிக்கணும்னு இருக்கேன்."

"நான் தெரியாமத்தான் பாடினேன் மாமா."

"எனக்குத் தெரியும். ஆளுகளுக்குத் தெரியாதே."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அப்பா வயசு. நான் காலில் விழப் போனேன், தோளைப் பிடித்து நிறுத்தினார். பிறகு சொன்னார், "நான் சொன்னேன்னு எம் பிள்ளைக்குத் தெரியாண்டாம். தெரிஞ்சா அவ ஒன்ன வராம இருக்க விடமாட்டா. என்கிட்ட சண்டைக்கு வருவா. யாருட்டயும் சொல்லாத, ஒங்க அம்மைட்டக்கூட."

சரி என்றேன். வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன். எதுவும் தோன்றவில்லை. இதை எழுதுவதே அந்த வாக்கை மீறுவதுதான். யார் பெயரும் இல்லை என்பது மட்டும்தான் சமாதானம். அதோடு, என் சிநேகிதி புத்தகம் படிக்கிறவள் இல்லை.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அவளுக்குப் போன் பண்ணினேன். அன்றைக்குக் கொச்சியில் ஒரு நிகழ்ச்சி, முன்பே ஒத்துக்கொண்டது, தப்ப முடியவில்லை என்றேன். முதலில் விளையாட்டு என்று நினைத்தாள். பிறகு, "சும்மா சொல்லாத, வரமாட்டியா?" என்று கேட்டாள். பிறகு அழுதாள். கடைசியில் அழாமல் சொன்னாள்.

"எங்கப்பா எச்சிக் கையோட ரோட்டுல நடந்தப்பகூட நான் ஒனக்குத்தான் பரிஞ்சு பேசினேன். ஒனக்கு ஒன் பாட்டுதான் பெரிசு. போ ஏட்டி, போயிப் பாடு."

போனை வைத்துவிட்டாள். நிகழ்ச்சி என்று ஒன்று கிடையாது. அந்த மாதம் முழுக்க எனக்கு ஒரு நிகழ்ச்சியும் இல்லை.

கல்யாணத்தன்று ஊரில் இருந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள். விடியற்காலையில், கூட வாசிப்பவரிடம் இரவல் வாங்கி வைத்திருந்த கிதார்ப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நாலு பேர் பார்க்க பஸ் ஏறினேன். நாகர்கோவிலில் மாறி அஞ்சுகிராமத்தில் இறங்கினேன். அங்கே எனக்கு யாரையும் தெரியாது. டீக்கடை, பஸ் நிறுத்தம், மறுபடி டீக்கடை என்று பொழுது போயிற்று. பத்தரைக்குத் தாலி கட்டியிருப்பார்கள். பதினொன்றுக்கு முதல் பந்தி. மாமா துண்டை இடுப்பில் கட்டியிருப்பாரா என்று நினைத்தேன். யாராவது ஒரு வெளங்காதவன் அந்தப் பாட்டைப் போட்டுவிடக் கூடாதே என்று ஊரில் உள்ள சாமியை எல்லாம் கும்பிட்டேன். என் பாட்டு எங்கேயும் கேட்கக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்ட ஒரே நாள் அதுதான். மத்தியானம் பரோட்டா வாங்கினேன். பிய்த்துப் போட்டுவிட்டு அப்படியே வைத்தேன். கடைக்காரர் கிதார்ப் பையைப் பார்த்து, கச்சேரிக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கொச்சியிலிருந்து ஐந்து மணிக்கு எப்படி வர முடியும் என்று அம்மா கேட்டிருக்கலாம். அவள் இருந்த கோபத்தில் அதையெல்லாம் கணக்குப் பார்க்கவில்லை. பட்டுச்சேலையை மடித்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அவ தாலி கட்டுத வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தா. பக்கத்துல வேற யாரையும் நிக்க விடல்ல" என்றாள்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது.

"மாமா சாப்பிட்டாவளா?"

"சாப்பிட்டாவ. காலையிலேருந்து எல எலையா போயி எல்லாரையும் விசாரிச்சாவ. பொறவு கடைசிப் பந்தியில உக்காந்து, பாயசம் ரெண்டு மட்டம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாவ. கூட இருந்தவனுக்கெல்லாம் ஊட்டி விடாத குறைதான். அந்த மனுசன் மொகத்துல அப்பிடி ஒரு சந்தோசத்தப் பாத்து எத்தன நாளாச்சி."

அம்மா சேலையை அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினாள். அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"நீ இருந்து பாத்திருக்கணும்" என்றாள்.